வினாத்தாளும் ஏட்டுச் சுவடியும்

பழைய நூல்நிலையங்களில், வெளிச்சம் எட்டாத கடைசி அலமாரிகளில், நெடுநாளாக யார் கையும் படாமல் வரிசையாக நிற்கும் புத்தகங்களுள், சென்னைச் சர்வகலாசாலை ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த காலண்டர்களும் அடங்கும். காலண்டர் என்றவுடன் சுவரில் தொங்கும் தாள் என்று எண்ணிவிடக் கூடாது; கைக்குக் கனமான புத்தகம் அது. ஒரு கோடை விடுமுறையில் வேறு எதையோ தேடிப் போன நான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த சில காலண்டர்களை மேசைமீது அடுக்கிவைத்துக்கொண்டு, தேடிப் போனதை மறந்து, பல நாட்களை அவற்றோடேயே கழித்தேன். ஓரம் பழுப்பேறி, மடித்தால் ஒடிந்துவிடும் தாள். இராமபாணப் பூச்சி அட்டையில் தொடங்கிய துளை சட்டத்தையும் விதிகளையும் கடந்து தேறினோர் பட்டியலில் வந்து நிற்கிறது.

அந்தப் புத்தகங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். முதலில் சர்வகலாசாலையை நிறுவிய சட்டம், பிறகு விதிகள், பிறகு செனட் அங்கத்தினர்களின் பெயர்கள், இணைந்த கலாசாலைகளின் பெயர்கள், பாடமாக விதிக்கப்பெற்ற நூல்கள், அதன்பின் பட்டதாரிகளின் பட்டியலும், அவ்வாண்டு நடந்த பரீட்சைகளின் வினாத்தாள்களும். ஓர் ஆண்டுப் புத்தகத்தை அதற்கு முந்திய ஆண்டின் புத்தகத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தால், சட்டப் பகுதி மாறாது நிற்க, பெயர்ப் பட்டியல் மட்டும் ஆற்றில் நீர் ஏறுவதுபோலச் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே வருவது தெரியும். ஸ்தாபனத்தின் ஆண்டு விருத்தி என்று அக்காலத்தவர் கருதியது அந்த ஏற்றத்தைத்தான். அது பொய்க் கணக்கன்று. ஆயினும் அந்தக் கணக்கில் இடம்பெறாமலே, அந்த ஸ்தாபனத்தின் நிழலில் வளர்ந்த வேறொன்று உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன்.

சர்வகலாசாலை வேண்டும் என்ற எண்ணம் சென்னையில் தோன்றியது 1857-க்கு வெகு முன்னரே. 1839-ஆம் ஆண்டு நவம்பரில், அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன், இந்நாட்டு மக்கள் எழுபதினாயிரம் பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றைக் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் கொடுத்தார். இரயில் இல்லாத காலத்தில், கடிதப் போக்குவரத்தே அரிதாக இருந்த காலத்தில், எழுபதினாயிரம் கையொப்பம் சேர்ந்ததென்றால், கல்வியின்மீது இந்நாட்டார்க்கு இருந்த வேட்கையை அளக்க வேறு அளவுகோல் தேவையில்லை. அதன் பயனாக 1841-இல் ஓர் உயர்தரப் பள்ளி திறக்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஏர் பர்ட்டன் பவல் அதன் தலைமை ஆசிரியரானார். 1855-இல் அது மாகாணக் கல்லூரியாக வளர்ந்தது. ஸர் சார்லஸ் வுட் 1854-இல் அனுப்பிய கல்விக் கட்டளைக்குப் பின்னரே, கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகள் ஏற்பட்டன. சென்னைச் சட்டத்தின் தேதி 1857 செப்டம்பர் 5. வடக்கே சிப்பாய்களின் எழுச்சி மூண்டு, டில்லி நகரம் முற்றுகையில் கிடந்த நாட்கள் அவை. ஒரு பக்கம் பீரங்கி முழங்க, மறுபக்கம் கல்விச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்த அந்த அரசாங்கத்தின் மனத்தில் என்ன இருந்ததோ, இந்நாட்டவர் அந்தச் சட்டத்தை இரு கையும் நீட்டி ஏற்றுக்கொண்டனர்.

ஏற்றுக்கொண்டது எத்தகைய சர்வகலாசாலையை என்பதை இங்கே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆக்ஸ்போர்டைப் போலவோ கேம்பிரிட்ஜைப் போலவோ ஆசிரியரும் மாணவரும் கூடி வாழும் வித்தியாபீடம் அன்று அது. லண்டன் சர்வகலாசாலையைப் பின்பற்றி அமைந்த பரீட்சை ஸ்தாபனம். கற்பிப்பது கலாசாலைகளின் வேலை. சர்வகலாசாலையின் வேலை, பாடம் விதிப்பது, பரீட்சை நடத்துவது, பட்டம் அளிப்பது, அவ்வளவே. அதற்கெனப் பேராசிரியர் ஒருவரும் இல்லை, வகுப்பறை இல்லை, தொடக்கக் காலத்தில் சொந்தக் கட்டடமும் இல்லை. கவர்னர் அதன் வேந்தர். துணைவேந்தர் பதவி சம்பளம் இல்லாத கௌரவப் பதவி, பெரும்பாலும் உயர் நீதிமன்ற நீதிபதிகளே அதை வகித்தனர். முதல் துணைவேந்தரான ஸர் கிறிஸ்டபர் ராலின்ஸனும் பிரதம நீதிபதியே. செனட் என்ற பெருஞ்சபை, சிண்டிகேட் என்ற காரியச் சபை, ரிஜிஸ்திரார் ஒருவர், எழுத்தர் சிலர்: இவ்வளவு சிறிய அமைப்பு, கிருஷ்ணா நதிக்கு வடக்கேயிருந்து கன்னியாகுமரி வரையில் பரந்த மாகாணத்துக்கும், மைசூர், திருவிதாங்கூர், கொச்சி, ஐதராபாத் முதலிய சமஸ்தானங்களுக்கும் கல்வியின் நிறைகோலாக அமர்ந்தது.

முதல் மெட்ரிகுலேஷன் பரீட்சை அந்த 1857 செப்டம்பரிலேயே நடந்தது. எழுதியவர் 41 பேர். தேறியவர் 36 பேர். முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவரோ இருவரே. அந்த இருவரும் யாழ்ப்பாணத்தார் என்பதும், இருவரும் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியில் உருவானவர்கள் என்பதும் ஈழத்துத் தமிழர்க்கு என்றும் பெருமை தருவன. ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை, வயதில் மூத்தவர், தமிழில் பீஜகணித நூல் இயற்றியவர். மற்றவர் சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் தாமோதரம்பிள்ளை. பெர்சிவல் பாதிரியார் நடத்திய ‘தினவர்த்தமானி’ப் பத்திரிகைக்கு ஆசிரியராகச் சென்னைக்கு அழைத்துவரப்பட்ட இளைஞர். கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தோடு தமிழையும் துணைகொண்டு கற்பிக்கப்பட்ட ஒரு பள்ளியிலிருந்து, சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் வந்தார்கள். அந்தச் செமினரியோ 1855-இலேயே மூடப்பட்டுவிட்டது.

அப்பொழுது தொடங்கிய ஆண்டுச் சக்கரம் நூற்றாண்டின் இறுதிவரை ஏறக்குறைய ஒரே கதியில் சுழன்றது. இன்னின்ன நூல்கள் பாடம் என்ற அறிவிப்பு முன்கூட்டியே வெளிவரும். உடனே புத்தக வியாபாரிகள் உரைநூல்களுக்கும் குறிப்புரைகளுக்கும் ஏற்பாடு செய்வார்கள். ஊர்தோறும் பள்ளிகளில் அந்தப் பாடங்களே ஓதப்படும். மார்கழிக் குளிரில் மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ. பரீட்சைகள். எஃப்.ஏ. என்ற நடுப் பரீட்சை 1860-களில் ஏற்பட்டது, மெட்ரிகுலேஷனுக்கும் பி.ஏ.வுக்கும் இடையே இருந்த பெரும் பள்ளத்தில் போட்ட படி அது. முடிவுகள் அரசாங்க கெஜட்டில் வரும். தந்தி அலுவலகத்தின் வாசலிலும் தபால் நிலையத் திண்ணையிலும் கெஜட்டின் வரவை எதிர்பார்த்து நின்ற பையன்களின் முகங்களை நான் கண்டதில்லை. ஆனால் என் பாட்டனார் காலத்தவர், அந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது, அறுபது வயதிலும் குரல் சற்றே தாழ்ந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ‘கெஜட்டில் பேர் வந்துவிட்டது’ என்ற ஒரு வாக்கியம், குடும்பத்தின் கடனை அடைக்கும், தங்கையின் கலியாணத்தை நிச்சயிக்கும், நிலத்தை மீட்கும் வாக்கியமாக இருந்தது.

வராமற்போனாலோ? ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியே குறிப்பிட்ட எண் பெற வேண்டும். ஒன்றில் தவறினால் மற்றவற்றில் பெற்றதெல்லாம் வீணாகும். கணிதத்தில் வகுப்பிலேயே முதல்வனாக இருந்தவன் ஆங்கிலக் கட்டுரையில் தடுக்கி விழுந்தால், அவனுக்குக் கணக்கும் தெரியாது என்பதே சர்வகலாசாலையின் தீர்ப்பு. இதனால் ஏற்பட்ட நஷ்டம் கொஞ்சமன்று. ‘எஃப்.ஏ. பெயில்’, ‘பி.ஏ. பெயில்’ என்பவையும் ஒருவகைத் தகுதிச் சொற்களாகவே வழங்கலாயின. அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு தாலுகாக் கச்சேரியில் நகல் எழுதியும், கிராமப் பள்ளியில் பாடம் சொல்லியும் காலம் கழித்த அறிவாளிகள் எத்தனையோ பேர். காலண்டரில் அவர்களுக்கு இடமில்லை. தேறினோர் பட்டியல் மட்டுமே அச்சேறும்.

ஆயினும் ஏற்றம் உண்மையான ஏற்றமே. நாற்பது பேர் எழுதிய மெட்ரிகுலேஷனை இரண்டு தலைமுறைக்குள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் எழுதினர். இதற்குச் சர்வகலாசாலையைவிடக் கலாசாலைகளே காரணம். கும்பகோணத்தில் 1854-இல் பள்ளியாகத் தொடங்கிய அரசாங்கக் கல்லூரி, வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டர் தலைமையில், பட்ட வகுப்புள்ள கல்லூரியாகி, தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று பெயர் பெற்றது. சென்னையில் வில்லியம் மில்லர் என்ற ஸ்காட்லாந்து தேசத்துப் பாதிரியார், 1862-இல் வந்து இறங்கி, ஒரு மிஷன் பள்ளியைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்த்து, தம் வாழ்நாளையே அதற்கு ஈந்தார். பிற்காலத்தில் சர்வகலாசாலையின் துணைவேந்தராகவும் அவர் அமர்ந்தார். காஞ்சிபுரம் பச்சையப்ப முதலியாரின் தரும நிதியால் 1842-இல் எழுந்த பள்ளி, 1889-இல் முதல்தரக் கல்லூரியாயிற்று. அரசாங்கத்தின் கையையும் பாதிரிமாரின் கையையும் எதிர்பாராமல், ஓர் இந்தியரின் பொருளைக் கொண்டு, இந்தியர்களின் நிர்வாகத்தில் நடந்த கல்லூரி அது. நாகப்பட்டினத்தில் 1844-இல் ஏசு சபையார் நிறுவிய சூசையப்பர் கல்லூரி, 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்து, மலைக்கோட்டையின் அடியில் குடிகொண்டது. திருவனந்தபுரத்தில் மகாராஜா கல்லூரி. இராஜமகேந்திரத்தில் அரசாங்கக் கல்லூரி. ஆறு ஓடும் ஊர்களில் எல்லாம் ஒரு கல்லூரி என்று சொல்லத்தக்க நிலை வந்தது.

கட்டடம் இல்லாதிருந்த குறையும் நீங்கியது. சேப்பாக்கம் அரண்மனைக்கு அருகே, கடலைப் பார்த்தபடி, 1874-இல் தொடங்கி 1879-இல் செனட் மண்டபம் கட்டி முடிக்கப்பட்டது. அதை வகுத்தவர் ராபர்ட் பெல்லோஸ் சிஸம். சற்றுத் தெற்கே நிற்கும் மாகாணக் கல்லூரிக் கட்டடமும் அவர் கைவண்ணமே. மாகாணக் கல்லூரியை அவர் ஐரோப்பிய முறையைத் தழுவிக் கட்டினார். செனட் மண்டபத்திலோ, பக்கத்தில் நின்ற நவாபின் அரண்மனையை நாள்தோறும் பார்த்துப் பார்த்து மனம் மாறியவர்போல, நாற்புறமும் கோபுரங்களை எழுப்பி, அவற்றின்மேல் கவிகை மாடங்களை வைத்து, உள்ளே வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும் சித்திர வேலை செய்த தூண்களையும் அமைத்து, முகம்மதியச் சிற்ப முறையோடு பைஜாந்தியச் சிற்ப முறையைக் கலந்து, எதையும் முழுவதும் ஒத்திராத ஒரு புது உருவத்தைப் படைத்தார். மாலையில், கடற்காற்று எழும் வேளையில், மேற்கே சாயும் வெயில் அந்தச் சாளரங்களின் வழியே புகுந்து தரையில் செம்மையும் நீலமுமாகப் படியும்போது அங்கே நின்றவர்கள், அந்த மண்டபம் வெறும் வினாத்தாள் விநியோகத்துக்காகக் கட்டப்பட்டது என்று நம்ப மாட்டார்கள். எனக்கு அந்த மண்டபத்தின்மீது தனிப் பற்று உண்டு. நூறு குறை சொல்லலாம், அதன் அழகை மறுக்க இயலாது.

அந்த மண்டபம் உயிர்பெறும் நாள் பட்டமளிப்பு நாள். மாசி பங்குனியில், வெயில் ஏறத் தொடங்கும் பருவத்தில் அது நிகழும். பஞ்சகச்சமும் தலைப்பாகையும் தரித்து, அதன்மேல் கறுப்பு அங்கியும் பட்டுத் தொங்கலும் அணிந்த இளைஞர்கள் வரிசையாக வர, வேந்தர் அவர்களுக்குப் பட்டம் அளிப்பார். பிறகு, செனட் அங்கத்தினர் ஒருவர், அந்தப் பட்டத்துக்குத் தகுதியாக வாழ்க்கையை நடத்துமாறு அவர்களுக்கு உபதேசம் செய்ய வேண்டும் என்பது விதி. ஆண்டுக்கு ஓர் உபதேசம். பெரும்பாலும் பணிவையும் உழைப்பையும் அரசபக்தியையும் பற்றியது. அவற்றுள் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது. கடற்கரைச் சாலையை 1884-இல் அமைத்து அதற்கு மெரீனா என்று பெயரிட்ட கவர்னர் கிராண்ட் டப், 1886-இல் தாமே அந்த உரையை நிகழ்த்தினார். தமிழரையும் தெலுங்கரையும் கன்னடரையும் நோக்கி, சம்ஸ்கிருத இலக்கியமே இந்திய இலக்கியம் என்று பிறர் பேசுவதைக் கேட்டு வாளாவிருப்பது உங்கள் சுயமரியாதைக்கு ஏற்றதா, உங்கள் நாட்டின் பழமையை நீங்களே ஆராய வேண்டாமா என்ற கருத்துப்பட அவர் பேசினார். வடமொழியின் கடலாழத்தைக் குறைத்து மதிப்பிடும் அவர் வார்த்தைகளை நான் ஏற்கவில்லை. ஓர் இனத்தை மற்றோர் இனத்துக்கு எதிரே நிறுத்தும் ராஜ தந்திரமும் அதில் கலந்திருக்கக் கூடும். ஆனால், நீங்கள் பிறந்த மண்ணை நீங்களே தோண்டிப் பாருங்கள் என்று, அந்த மண்டபத்தில், பட்டம் வாங்க வந்த பிள்ளைகளிடம் சொன்னதே பெரிய காரியம்.

பட்டம் பெற்றவர்கள் என்ன ஆனார்கள்? பலர் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனார்கள். அதைவிடப் பலர் வக்கீல்களானார்கள். அதை இழிவாகப் பேசுவது பின்னால் வழக்கமாயிற்று. அந்த வக்கீல்களிடமிருந்தும் உபாத்தியாயர்களிடமிருந்துமே இந்நாட்டின் பொதுவாழ்வு பிறந்தது என்பதை அப்படிப் பேசுவோர் மறந்துவிடுகிறார்கள். திருவாரூர் முத்துசாமி ஐயர் 1878-இல் உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டதை ஆங்கிலப் பத்திரிகைகள் தாக்கி எழுத, அதைப் பொறாத ஆறு இளைஞர்கள், அவர்களுள் இருவர் உபாத்தியாயர், நால்வர் சட்ட மாணவர், ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு, ‘ஹிந்து’ப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். அவர்களின் தலைவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், உபாத்தியாயத் தொழில் பார்த்துக்கொண்டே தனியாகப் படித்து பி.ஏ. தேறியவர், 1882-இல் தமிழில் ‘சுதேசமித்திர’னை நிறுவினார், 1885-இல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவரும் அவரே. தமிழ் நாவலும் இந்தப் பட்டதாரிகளின் கையில் வளர்ந்தது. கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற ராஜமையர் ‘கமலாம்பாள் சரித்திர’த்தை எழுதினார், அதே கல்லூரியில் பி.ஏ. தேறி, உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்த மாதவையர் 1898-இல் ‘பத்மாவதி சரித்திர’த்தை வெளியிட்டார். கலாசாலை மாணவனின் அறையும் பரீட்சைக் கவலையும் தமிழ்க் கதைக்குள் புகுந்தது அப்போதுதான்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது; அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் பிற்காலத்தில் லண்டனில் பெரும் புகழ் பெற்றார். கமலா சத்தியநாதன் 1898-இல் பி.ஏ. தேறினார். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டம் அளித்தது 1920-இல்தான் என்பதை எண்ணும்போது, சென்னையின் இந்தச் சிறு கணக்கு சிறியதாகத் தோன்றவில்லை.

இனி, தமிழின் நிலை. பி.ஏ. வரையில் தமிழ் இரண்டாம் மொழி. சம்ஸ்கிருதம், இலத்தீன், தெலுங்கு, மலையாளம் முதலியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டு, மாணவன் விரும்பினால் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு பாடம். அதைக் கற்பித்தவர் புரொபஸர் அல்லர், பண்டிதர். வகுப்பில் ஆங்கில ஆசிரியருக்கு இருந்த மதிப்பு அவருக்கு இல்லை. சம்பளத்திலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 1880 பிப்ரவரியில், வித்துவான் தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றபோது, அந்த இடத்துக்கு, திருவாவடுதுறை மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் அமர்ந்தார். அவர் எந்தப் பரீட்சையும் எழுதியவர் அல்லர், மெட்ரிகுலேஷன்கூட இல்லை. உத்தமதானபுரம் சாமிநாதையர்.

அவ்வாண்டு அக்டோபரில் நடந்ததை அவரே தம் சரித்திரத்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் காணப் போகிறார். முதலியார் சர்வகலாசாலைப் பட்டதாரி, ஆங்கிலம் கற்றவர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று பண்டிதர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியாரின் முகத்தில் வியப்பு இல்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம், இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று அவர் வினவ, பண்டிதர் திகைத்துப்போகிறார். புத்தகம் கிடைக்கவில்லை என்கிறார். கிடைத்தால் படித்துச் சொல்ல முடியும் என்கிறார். முதலியார் பிரதி ஒன்றைத் தேடிக் கொடுக்கிறார். அந்தப் பிரதியோடு, தாம் அதுவரை பெற்ற வித்தை எல்லாம் போதாது என்று உணர்ந்த ஒரு மனிதர் வீடு திரும்புகிறார்.

காலண்டர்களில் நான் கண்ட நூற்றுக்கணக்கான வினாத்தாள்களிலும் இந்த வினாவுக்கு நிகரான வினா ஒன்றும் இல்லை. இது சர்வகலாசாலை கேட்ட வினாவும் அன்று; ஆனால் சர்வகலாசாலை இல்லாவிட்டால் இந்த வினா அன்று கும்பகோணத்தில் பிறந்திராது என்றே நான் கருதுகிறேன். ஹோமரையும் மில்டனையும் பாடமாகக் கற்று, ஒரு நாட்டுக்குப் பழங்காவியம் இருப்பது எத்தகைய செல்வம் என்று அறிந்த ஒருவர், தம் மொழியின் பழங்காவியம் எங்கே என்று தேடினார். மடத்தில் வளர்ந்த புலமை அந்தத் தேட்டத்துக்குக் கையும் கண்ணும் ஆயிற்று. மடத்தின் புலமை தனித்து நின்றிருந்தால், அந்தாதியும் தலபுராணமும் மேன்மேலும் பெருகியிருக்கும். பட்டதாரியின் தேட்டம் தனித்து நின்றிருந்தால், ஏட்டில் ஓர் அடியைப் பிரித்துப் படிக்கவும் வழியிராது.

அதே காலத்தில் அதே கும்பகோணத்தில் இன்னொருவரும் இருந்தார். காலண்டரின் பட்டதாரிப் பட்டியலில் முதல் வரியில் நிற்கும் தாமோதரம்பிள்ளையே அவர். சர்க்கார் உத்தியோகத்தில் பல ஆண்டு கழித்து, 1871-இல் பி.எல். தேறி, வக்கீலாகத் தொழில் நடத்திக்கொண்டே, அவர் ஏடு தேடினார். தொட்டால் ஓரம் ஒடிகிறது, கட்டு அவிழ்த்தால் இதழ் முறிகிறது, ஒன்றைப் புரட்டும்போது துண்டு துண்டாய்ப் பறக்கிறது என்னும் நிலையில் இருந்த சுவடிகள் அவை. இன்னும் ஒரு தலைமுறை தாமதித்திருந்தால் செல்லுக்கே இரையாகியிருக்கும். வீரசோழியம் 1881-இல் வெளிவந்தது. தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885-இல். எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதலாக அச்சேறிய கலித்தொகை 1887-இல். அந்த 1887-இலேயே சாமிநாதையரின் சிந்தாமணியும் வெளிவந்தது. சிந்தாமணியைத் தம்மிடம் விட்டுவிடுமாறு பிள்ளை கேட்டதும், ஐயர் அதற்கு இசையாததும், அதனால் இருவர்க்குமிடையே சிறிது மனக்கசப்பு நேர்ந்ததும் உண்மையே. பசித்தவர் இருவர் ஒரே இலையின்முன் அமர்ந்தால் நேரக்கூடிய கசப்புத்தான். அதைப் பெரிதுபடுத்துவது நமக்கு அழகன்று.

இந்த விழிப்பு இருவரோடு நிற்கவில்லை. மாகாணக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த பூண்டி அரங்கநாத முதலியார், காலையில் கணிதம் கற்பித்து, மாலையில் கச்சிக் கலம்பகம் பாடினார். சாமிநாதையரின் பதிப்பு வேலைக்கு உற்ற துணையாகவும் இருந்தார். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியரான எம்.ஏ. பட்டதாரி சுந்தரம்பிள்ளை 1891-இல் ‘மனோன்மணீய’த்தை வெளியிட்டார். கிறிஸ்தவக் கல்லூரியில் 1892-இல் பி.ஏ. பரீட்சையில் தமிழில் முதன்மை பெற்ற சூரியநாராயண சாஸ்திரியார், அதே கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். பட்டம் பெற்ற ஒருவர், வேறு உத்தியோகத்துக்குப் போக வழியிருந்தும், பண்டிதர் நாற்காலியை விரும்பி ஏற்றது அக்காலத்தில் புதுமை. நாட்டு மொழிகளைப் பட்டப் பாடத்திலிருந்து விலக்கிவிடலாம் என்ற பேச்சு 1902-இல் எழுந்தபோது, அவரும் பூரணலிங்கம் பிள்ளையும் ஊர்ஊராகச் சென்று, கற்றோரைக் கண்டு பேசி, அதை எதிர்த்து நின்றார்கள். தமிழ் நாட்டு மொழி மட்டுமன்று, உயர்தனிச் செம்மொழி என்று அவர் வாதாடினார். அடுத்த ஆண்டே, முப்பத்துமூன்றாம் வயதில், அவர் மறைந்தார். அந்த வழக்கு எத்தனையோ வளைவுகளைக் கடந்து நடந்தது. அது இருபதாம் நூற்றாண்டின் கதை.

நான் கடைசியாகப் புரட்டிய காலண்டரில், பட்டதாரிப் பட்டியல் பக்கம் பக்கமாக நீண்டிருந்தது. விரலை வைத்துப் பின்னோக்கிப் போனால், பக்கங்கள் குறுகி, பெயர்கள் அருகி, முடிவில் 1857-ஐ ஒட்டிய ஆண்டில் இரண்டு பெயர்கள் மட்டும் நின்றன. இராமபாணப் பூச்சி அந்தப் பக்கத்தையும் துளைத்திருந்தது, பெயர்களைத் தொடவில்லை. அவற்றுள் இளையவரான தாமோதரம்பிள்ளை, புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்து, ராவ்பகதூர் பட்டம் பெற்று, சென்னையில் வந்து தங்கி, ஏடுகளோடேயே முதுமையைக் கழித்தார். அவர் காலமானது 1901-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதி. புது நூற்றாண்டின் முதல் நாள்.